சட்டைப்பையில் போன மனு

கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கு எம்.எல்.ஏ. வந்திருந்தார். சாக்கடை அடைப்பு பற்றி எதிர்வீட்டுச் செல்வி அக்கா நீட்டிய மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை என் அப்பாவுடையது போலவே மொடமொடத்தது.

என் சின்ன வயதில் மேலூரில் அப்பாவும் எம்.எல்.ஏ.தான். உதவியாளர் கைக்குப் போன மனு தூங்கிவிடும், அப்பாவின் பைக்குப் போனது நடந்துவிடும் என்று ஊரே நம்பியது. குவாரி வெடியில் வீட்டுச்சுவர் விரிசல் விட்டதென்று என் நாலாம் வகுப்பு டீச்சர் கொடுத்த மனுவும் பைக்குத்தான் போனது.

மறுநாள் காலையில் அம்மா சட்டையைத் துவைத்தாள். சொட்டு நீலம் போடும் முன்பே வாளித் தண்ணீர் நீலமாகியிருந்தது. பையிலிருந்து கூழாக வந்த காகிதத்தை எப்போதும்போல வாழை மரத்தடியில் வீசினாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் தலையைத் தடவினார். "ஒங்கப்பா பையிலயே வச்சுக்கிட்டாருத்தா. இனி வெடி போட மாட்டாகல்ல?"

"ஆமா டீச்சர்."

அந்த மழைக்காலத்தில் டீச்சர் வீட்டுச் சுவர் அவர்மேல் விழுந்தது. அதன்பிறகு டீச்சர் இடது கையால்தான் கரும்பலகையில் எழுதினார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அப்பா போய் இன்னொரு மனுவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார்.

"பையிலயே வச்சுட்டாரு, பாத்தியா?" செல்வி அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாக்கா" என்றேன்.