அதே நம்பர்

எனக்கு எழுபத்தி நாலு வயது. பிள்ளைகள் ஐந்து பேரை வளர்த்தேன். மங்கலம் ரோட்டில் எங்கள் பனியன் கம்பெனியில், தைத்து வரும் பீஸ்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் மேசையை முப்பது வருஷம் நான்தான் பார்த்தேன்.

போன மாதம் கம்பெனி டெலிபோனைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. பழைய கம்பி இணைப்புகளை நிறுத்த அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதாம். "போனாப் போகுதும்மா, அதுல இப்ப யாரு கூப்படறாங்க?" என்றான் மகன்.

ஒருத்தி கூப்பிடுவாள். அதே மேசையில் என்னோடு பீஸ் பார்த்துவிட்டுத் தென்காசிப் பக்கம் திரும்பிப் போனவள். என்னைப் போலவே அவளுக்கும் எழுத்துக் கூட்டுவதற்கு மேல் படிப்பு இல்லை. பனியன் எண்ணி அடுக்குவதுபோல கம்பெனி டெலிபோன் எண்ணைச் சொல்லிச் சொல்லியே இருவரும் மனப்பாடம் செய்தோம். பொங்கலுக்குப் பொங்கல் யார் போனையாவது வாங்கிக் கூப்பிடுவாள்.

"என்னக்கா, இன்னும் போய்ச் சேரலியா?"

"உன்னைய அனுப்பி வெச்சுட்டுத்தான் போவேன்" என்பேன்.

அவளைக் கூப்பிட என்னிடம் எந்த எண்ணும் இல்லை. இது போனால் அவளும் போனாள்.

லைன் பார்க்க வந்தவரிடம் கேட்டேன். "இதே நம்பரைப் புது ஃபைபர் லைனுக்கு மாத்திக்கலாமுங்கம்மா. ஓனரு எழுதிக் குடுக்கோணுங்க" என்றார்.

இணைப்பு என் பேரில்தான் இருக்கிறது. மகன் எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லி, எழுத்துக் கூட்டி மூன்று நாளில் நானே எழுதி முடித்தேன். பிறகு பேத்தியைக் கூப்பிட்டேன்.

"எழுத்தைத் திருத்தாத கண்ணு. நம்பரு சரியா இருக்குதான்னு பாரு. எங்க, மொதல்ல இருந்து படி."