பிர்தாவின் நீலச் செருப்பு

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். சிரியுங்கள், இப்படிக் கதை சொல்ல வந்தவர்களை நானும் முகத்துக்கு நேரே சிரித்து அனுப்பியவள்தான். எனக்கு டென்மார்க்கின் சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. எத்தனையோ பேருடைய கண்ணை மூடிவிட்டு, உடம்பு துடைத்து, சட்டை மாற்றியிருக்கிறேன், ஒருத்தராவது திரும்பி வந்து என் கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று கேட்டதில்லை. யாராவது இறந்தால் டேனிஷ்காரர்கள் உடனே ஜன்னலைத் திறந்துவிடுவார்கள், உயிர் வெளியே போகட்டும் என்று. நானும் திறப்பேன், அறைக்குக் காற்றோட்டம் நல்லதென்று. என் நம்பிக்கை அவ்வளவுதான்.

நடந்தது இரவில்கூட இல்லை. ஆடி மாதத்தில் இந்த நாட்டில் இரவு எட்டரைக்கும் சுள்ளென்று வெயில் அடிக்கும், அந்த வெயிலில்தான் நடந்தது.

2009. இலங்கையில் சண்டை முடிந்து இரண்டு மாதம். என் தங்கை யசிந்தா வன்னிக்குள் இருந்தவள். மாசி மாதம் யாரோ ஒருவருடைய போனில் ஒரு நிமிடம் பேசினாள். "நடந்துகொண்டே இருக்கிறம் அக்கா. செருப்பும் அறுந்துபோச்சு, வெறுங்கால்" என்றாள். பிறகு சத்தமே இல்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். முகாமுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல்கள் வந்தன, ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த வெறுங்கால்தான் நெஞ்சுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. இங்கே கடைக்குப் போய் ஒரு சப்பாத்து வாங்கக்கூட மனம் வரவில்லை.

நாங்கள் மன்னார்க்காரர். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் மடு மாதாவிடம் கால்நடையாக வருகிறேன் என்று நேர்த்தி வைப்பார்கள். காரியம் ஆன பிறகுதான் நடப்பார்கள், அதுதான் முறை. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "முதல் நடந்துபோட்டுக் கேக்கிறன், பிறகு எப்பிடி இல்லையெண்டுவா பாப்பம்" என்று கணவர் யூட்டிடம் சொன்னேன். அவர், "மாதாவையே மிரட்டிற ஆள் நீ ஒருத்திதான்" என்றார். ஆனால் டென்மார்க்கில் இருந்துகொண்டு எங்கே நடப்பது?

வழி காட்டியது சேவியர் அண்ணை. தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், வாய் ஓயாத மனிதர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். நாங்கள் இருக்கும் யூலாந்துப் பகுதியின் நடுவால் போகும் பழைய மாட்டுப் பாதை, ஹேர்வையன் என்று பெயர். முந்தைய காலத்து யாத்திரைக்காரர் அதில் இறங்கித் தெற்கே நடந்து நடந்து ஸ்பெயினுக்கே போனார்களாம், சந்தியாகோ என்ற பழைய பட்டணத்துக்கு. அந்தப் பட்டணத்துக் கோவில் கல்லறையில் இருப்பவர் யார் தெரியுமா? எங்கள் சந்தியோகுமையோர், பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவர். வெள்ளைக் குதிரையில் வருகிறவர், ஊரில் அவருக்குத் திருநாள் என்றால் கடற்கரையே அதிரும்.

"சந்தியோகுமையோர்ட ஊருக்குப் போற றோட்டு எங்கட வீட்டுக்குப் பின்னால கிடக்குது, இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தெரியேல்ல!" என்று அண்ணை மேசையில் அடித்தார். "ஸ்பெயின் வரைக்கும் போகேலாது, எனக்கு மூட்டு வலி. ரெண்டு நாள் நடப்பம்."

அப்படியே நால்வர் கிளம்பினோம். நான், யூட், சேவியர் அண்ணை, அவருடைய மனைவி பிலோமினா அக்கா. சந்தியோகுமையோரின் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வைலே என்ற ஊரிலிருந்து தொடங்கி வடக்கே நடந்தோம். ஸ்பெயின் தெற்கே இருக்கிறது என்பது அரை நாள் நடந்த பிறகுதான் யூட்டுக்கு உறைத்தது. "பரவாயில்ல, அவர்தான் குதிரை வச்சிருக்கிறாரே, திரும்பி வருவார்" என்றார் அண்ணை.

எதிரே வந்த டேனிஷ் நடைக்காரர்கள் முதுகில் சின்னப் பை ஒன்றோடு காற்றுப்போலப் போனார்கள். நாங்கள்? நானே சொல்ல வெட்கமாக இருக்கிறது, பிலோமினா அக்கா ரைஸ் குக்கரைக் கொண்டுவந்துவிட்டார். ரெண்டு நாள் சோறில்லாமல் வெறும் பாண் தின்ன ஏலாதாம். ஒரு துவாயில் சுற்றி யூட்டின் பைக்குள் அடியில் இறக்கி மேலே உடுப்பை வைத்து மறைத்தாயிற்று. ஏறி இறங்கும் புல்மேடு, ஏரி, ஊதாப் பூப் பற்றை, நடுவில் எங்கள் பாட்டும் சிரிப்பும். ஓரிடத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் உண்மையாகவே ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. அக்கா முழங்காலில் விழப் போய்விட்டார். அது பக்கத்து வயல் கமக்காரனின் குதிரை, அக்காவின் தொப்பியைக் கடித்துத் தின்றது. அவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றுதான் நான் வயிறு நோகச் சிரித்தேன், சிரித்த கையோடு அழுகையும் வந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் எட்டு மணிபோலத் தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்தோம். பழைய மாட்டுக்கொட்டிலைத் திருத்திக் கட்டில் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொள்பவர் பிர்தா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, ஆறடி உயரம், தோட்டத்து மண் அப்பிய கை. நாங்கள் முன்பதிவு எதுவும் செய்யவில்லை. நான் டேனிஷில் வணக்கம் சொல்ல வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்:

"வாருங்கள். சோறு சமைக்கிற மெஷினுக்கு ஜன்னல் பக்கத்தில் பிளக் ஒன்று காலியாக வைத்திருக்கிறேன்."

நாங்கள் நாலு பேரும் யூட்டின் பையைப் பார்த்தோம். கட்டிய பை கட்டியபடிதான் இருந்தது.

"உங்கள் தங்கை சொன்னாள்" என்றார் பிர்தா என்னைப் பார்த்து. "ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வந்தாள். அக்கா மெல்லத்தான் நடப்பாள், நாலு பேர், சோற்று மெஷினோடு வருகிறார்கள் என்றாள். பாவம், வெறுங்காலோடு வந்திருக்கிறாள், கால் முழுக்க வெடிப்பு. இளஞ்சுடு தண்ணீரில் கழுவவைத்து என் தோட்டத்துச் செருப்பைக் கொடுத்தேன். நீலம், இடது வாரைச் சிவப்பு நூலால் தைத்திருப்பேன். போட்டுக்கொண்டு உங்களைக் கூட்டிவரப் போனாளே, வழியில் காணவில்லையா?"

வெளியே பார்த்தேன். வாசல் கல்லில் ஒரு நீலப் பேசின். அதில் கலங்கிய தண்ணீர், அடியில் சிவப்பாக மண். நான் விரலை விட்டேன், இன்னும் சூடு இருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்தச் சூடு இப்போதும் விரலில் இருக்கிறது.

"எந்த மொழியில் கதைத்தாள்?" என்று யூட் கேட்டார். "எனக்கு விளங்கியது" என்றார் பிர்தா. "எந்த மொழி என்று ஞாபகம் இல்லையே."

பிலோமினா அக்கா செபமாலையை எடுத்துவிட்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும், எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் இப்படி வருவதில்லை. எனக்கு வந்ததே கோபம். "ஒருத்தரும் செபிக்கக் கூடாது! செத்தவைக்குச் செபிக்கிற செபம் இஞ்ச வேண்டாம்!" என்று கத்தினேன். நான் வாசல் கல்லில் குந்திக்கொண்டு, யசிந்தா திரும்பி வருவாள் என்று அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேயே இல்லை என்ற நான், வந்தது பேயாக இருக்கக்கூடாதே என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தேன். அக்கா சத்தமில்லாமல் சோறு போட்டுக்கொண்டுவந்து தந்தார். ஐந்தாவது தட்டு ஒன்றும் மேசையில் வைத்திருந்தார். அதை யாரும் எடுக்கவில்லை.

காலையில் திருநாள். பாலில்லாத தேத்தண்ணீரோடு இருக்கிறபோது என் கைபேசி அடித்தது. மன்னாரிலிருந்து சின்னம்மா.

"பிள்ளை, யசிந்தா இருக்கிறாளடி! செட்டிக்குளம் முகாமில. பேரைப் பிழையா எழுதிவச்சிருக்கிறாங்கள். நேற்றுத்தான் கண்டுபிடிச்சது. உயிரோட இருக்கிறாள்!"

நான் போனை வயலுக்குள் எறிந்தேன் என்று யூட் சொல்கிறார், எனக்கு ஞாபகமில்லை. சேவியர் அண்ணை ரைஸ் குக்கர் மூடியில் தாளம் போட, மூட்டு வலியை மறந்து ஆட, பிர்தாவும் எங்களோடு சேர்ந்து அந்த ஆறடியையும் தூக்கித் தூக்கி ஆடினார். என்ன விசயம் என்று அவருக்குச் சொன்னபோது, "அதுதான் நேற்றே வந்தாளே" என்றார், நாங்கள் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறோம் என்று விளங்காதவர்போல.

தை மாதம் அவளை முகாமிலிருந்து விட்டார்கள். நான் மன்னாருக்குப் பறந்தேன். சின்னம்மா வீட்டு முற்றத்தில் எலும்பும் தோலுமாக, ஆனால் அதே சிரிப்போடு ஓடிவந்தாள். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் குனிந்து அவள் காலைப் பார்த்தேன், அதைப் பார்க்கத்தானே நான் அங்கே போனேன். நீலச் செருப்பு. இடது வாரில் சிவப்பு நூல்.

"எங்கால இது?"

"முகாமில அக்கா. ஆடி மாசம் ஒருநாள் காய்ச்சலில கிடந்தன். விடிய எழும்பினா கூடார வாசல்ல கிடந்தது. ஆற்ற எண்டு எல்லாரிட்டையும் கேட்டுப் பாத்தன், ஒருத்தரும் உரிமை கேக்கேல்ல. அளவும் சரியா இருந்தது, போட்டுட்டன்."

அவள் பட்டது போதும் என்று பிர்தாவின் கதையை இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு நான் சொல்லவில்லை. கொண்டுபோன புதுச் சப்பாத்தைக் கொடுத்து, அந்தச் செருப்பைக் கேட்டு வாங்கி வந்தேன்.

அடுத்த கோடையில் யூட்டும் நானும் அதை பிர்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "என் தையல்தான், எப்போதும் கோணல்" என்று சிரித்து, அங்கேயே காலில் மாட்டிக்கொண்டு தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அவருக்கு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன, அவருடையதுதானே, அடியில் நாற்பத்தொன்று என்று இலக்கம் போட்டிருக்கிறது.

யசிந்தாவின் கால் முப்பத்தைந்து. மன்னார் முற்றத்தில் அதே செருப்போடு அவள் என்னிடம் ஓடிவந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன், குதிக்கால் ஓரத்தில் ஒரு விரல் இடம்கூட மிச்சம் இருக்கவில்லை.