எல்லாம் இருக்கு சார்

மூலக்குளத்தில் நான் வேலை பார்த்த சின்ன மென்பொருள் கம்பெனியில், நாங்கள் எழுதியதைப் பேக்கேஜாகக் கட்டி வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது வயதில் மூத்த ஒருவரின் வேலை. ஒல்லியான மனிதர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும்.

எங்களுடையது பகுதி பகுதியாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய ஜாவா ஃப்ரேம்வொர்க். வாடிக்கையாளர்களின் சில சர்வர்களில் அதற்கு வேண்டிய லைப்ரரிகள், அதாவது துணை நிரல்கள், பாதி முன்பே இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. அதனால் கட்டுவதற்கு முன் போன் போட்டு, "உங்க சர்வர்ல என்னென்ன இருக்கு, படிங்க" என்பார். "எல்லாம் இருக்கு சார்" என்ற பதிலை மட்டும் நம்பவே மாட்டார்.

ஒரு நாள் அவர் லீவு. எதற்கு வம்பு என்று நானே எல்லா லைப்ரரிகளையும் திணித்து ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். அங்கே ஏற்கெனவே இருந்த ஒன்றோடு நான் அனுப்பியது மோதி, சைட் படுத்துவிட்டது. மறுநாள் வந்து சரிசெய்தவர் திட்டவில்லை.

"கொறைவா அனுப்புனா எது இல்லன்னு சர்வரே சொல்லிடும். அதிகமா அனுப்புனா எது மோதுதுன்னு நீதாம்பா தேடணும்."

பிறகு, பிரான்சில் இருக்கும் மகளோடு தங்கிவிடப் போவதாகச் சொல்லி வேலையை விட்டார். கிளம்பும் அன்று வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு சின்னப் பெட்டி.

"இவ்ளோதானா சார்?"

"அங்க எல்லாம் இருக்குன்னு பொண்ணு சொல்லுது."

"என்னென்ன இருக்குன்னு கேட்டீங்களா?"

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, பூட்டிய பெட்டியை இன்னொரு முறை பார்த்தார்.

"கேக்கலப்பா."

யார் சொன்னாலும் நம்பாத பதிலை மகள் சொன்னதும் எப்படி நம்பினார் என்று இன்றும் யோசிக்கிறேன். நம்பினாரா என்பதே தெரியவில்லை.