அக்கா தேடிய முகங்கள்

போர் முடியும் தறுவாயில் நான் கிழக்குக் கரையோரம், கல்லடியில் ஒரு நெட் கஃபேயில் வேலை பார்த்தேன். அக்காவின் கணவர் மேசன் வேலைக்கென்று வடக்கே வன்னிக்குப் போய், போரில் பாதை மூடியதால் அங்கேயே அகப்பட்டிருந்தார். பிறகு அவருடைய தொலைபேசியும் நின்றுபோயிற்று.

ஒரு காலை அக்கா கடைக்கு வந்தாள்.

"தம்பி, வன்னிப் படமெல்லாம் இதில வருதாம். ஒருக்காக் காட்டு."

வேண்டாம் என்றேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். தறப்பாள் கூடாரங்கள், பதுங்குகுழிகள், வரிசையாகக் கிடத்திய உடல்கள். ஒவ்வொரு படத்தையும் பெருப்பிக்கச் சொல்லி முகங்களைப் பார்ப்பாள். முகம் தெரியாவிட்டால் கால்விரல்களைப் பார்ப்பாள். அதில் இருப்பது அத்தான் இல்லை என்று தெரிந்ததும் மூச்சு விடுவாள். உடனே, "புதுசா ஏதும் வந்திரிக்கா பார்" என்பாள்.

சுனாமியில் அம்மாவைத் தேடியதும் நாங்கள் இருவரும்தான். ஆஸ்பத்திரி விறாந்தையில் உடல்களை மூடிய துணிகளை விலக்கி விலக்கிப் பார்த்தோம். ஆனால் அன்று பக்கத்தில் சனம் இருந்தது. காத்தான்குடியிலிருந்து வந்திருந்த, முன்பின் அறியாத ஒரு பெண் அக்காவைத் தோளில் சாய்த்துப் பிளேன்டீ பருக்கினார். இங்கே கணினிக்கு முன்னால் அக்கா தனியாக இருந்தாள். அழவும் இல்லை.

வீட்டில் உலை வைக்க மறந்தாள். விசாரிக்க வந்த அயலவர்களுக்குப் போனைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். அவர்கள் வருவது குறைந்தது. அடிக்காத போனை அடித்ததாக எண்ணி எடுத்து எடுத்துப் பார்ப்பாள். கனடாவிலிருந்து ஓர் உறவினர் அத்தான் செத்துவிட்டதாக எஸ்.எம்.எஸ். அனுப்பினார். மறுநாள், அது வேறு ஆள் என்று இன்னொன்று வந்தது. இரண்டுக்கும் இடையில் அவள் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை.

போர் முடிந்து, வவுனியா அகதி முகாமிலிருந்து அத்தான் போனில் பேசினார். அடுத்த வருடம் எலும்பும் தோலுமாக வீடு வந்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அக்கா அதன் பிறகும் கடைக்கு வந்தாள்.

"அத்தான்தான் வந்திற்றாரே. இன்னும் ஆரைத் தேடுற?" என்று கேட்டேன்.

"இதில கிடக்கிறவங்களையும் ஆரோ தேடிற்றுத்தானே இரிப்பாங்க. பாக்காம விட்டா நெஞ்சு படபடக்குது."

அத்தானிடம் சொன்னேன். மறுநாள் அவர் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

"எழும்பு, வீட்ட போவம். நான் நேரில கண்டதே போதும்."

முகாமிலிருந்து வந்த பிறகு அந்த நாட்களைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"என்ன கண்டீங்க?"

அவர் சொல்லத் தொடங்கினார். கடையில் ஆட்கள் இருந்ததால் இருவரும் வெளியே போனார்கள். வாசலிலிருந்து பார்த்தேன். கடைக்கு எதிரே இருந்த பாலத்தில் ஓரமாக நின்று அவர் பேசிக்கொண்டிருந்தார், அக்கா அவருடைய கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

அவள் படம் பார்ப்பது அதோடு நின்றுவிடவில்லை. முற்றாக விட அவளுக்கு நெடுநாள் எடுத்தது. இப்போது அவளிடமும் நல்ல போன் இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டுப் படம் வந்தால்கூடத் தானாகத் திறக்கமாட்டாள். "என்ன படமெண்டு பாத்துச் சொல்லு" என்று யாரிடமாவது நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.