கூகைக்கு அண்ணன் வைத்த பெட்டி

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு முடிகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க ஒரு மலர் அச்சிடலாம் என்று அண்ணி சொன்னார். கட்டுரையை உடன்பிறந்தவளான நானே எழுத வேண்டும் என்றும் அவரே சொல்லிவிட்டார். அண்ணனின் நல்ல குணங்களைச் சொல்லி, நிறைவாக வாழ்ந்து மறைந்தார் என்று முடிப்பதுதான் வழக்கம். அந்தக் கடைசி வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி இரண்டு மூன்று வருடங்களில் அவரைப் பார்க்க வந்த உங்களில் பலர், "ஏன் இப்படி ஒடுங்கிப்போனார்?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது திருவனந்தபுரம் வலியசாலையில். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலைக்கடை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். படிப்பை முடித்த கையோடு அரசு அலுவலகத்தில் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்தவர், என்னைப் படிக்க வைத்து டீச்சராக்கிக் கல்யாணமும் செய்து கொடுத்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச விட்டார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அலுவலகத்தில் மலையாளம், வீட்டில் நம்முடைய தமிழ். இரண்டிலும் அளவாகத்தான் பேசுவார்.

பிற்பாடு கிள்ளியாற்றங்கரையில் கொஞ்சம் பறம்பு, அதாவது தோட்ட நிலம், சேர்ந்த ஒரு பழைய வீட்டை வாங்கினார். அந்தப் பின்பறம்பில் மண்டை பட்டுப்போன தென்னை ஒன்று நின்றது. அண்ணன் ஓய்வுபெற்ற வருடம், காற்றில் அது பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் விழுந்துவிடும் என்ற பயத்தில் ஆளை வைத்து வெட்டச் சொன்னார். மரம் சாய்ந்ததும் அதன் பொந்துக்குள்ளிருந்து புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் இரண்டு தெறித்து விழுந்தன. ஒன்று அங்கேயே செத்துவிட்டது. மற்றது பஞ்சு உருண்டை மாதிரி மண்ணில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தாயும் தந்தையும் பட்டப்பகலில் மதில்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

"பொந்து இருக்கான்னு தட்டிப் பார்த்திருக்கலாம்" என்றார் அண்ணன். அன்று மதியம் சாப்பிடவில்லை. பழைய பெட்டிப் பலகையை அறுத்து, நான்கு பக்கமும் அடித்து, ஒரு பக்கம் வட்டமாகத் துளை போட்டு, அடியில் மரத்தூள் பரப்பி, குஞ்சை உள்ளே வைத்து, பலாமரத்தில் கட்டினார். அண்ணிக்கு ஆந்தை என்றாலே பயம்.

"வீட்டு வாசல்ல கொண்டு வந்து வைக்கணுமா இதை?" என்று கேட்டார்.

"இருந்த வீட்டை வெட்டிச் சாய்ச்சாச்சு. வேற ஒண்ணு கெட்டிக் குடுக்காண்டாமா?" என்றார் அண்ணன்.

அந்தி சாயும்போது பெரிய ஆந்தை ஒன்று வாயில் வெட்டுக்கிளியோடு வந்து பெட்டியின் துளையில் தலையை நுழைத்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் தொடங்கியது. அதன்பின் அண்ணனுக்கு அதுவே வேலையாயிற்று. குண்டுக்கரிச்சானுக்குச் சின்னத் துளை, மைனாவுக்கு அதைவிடப் பெரியது என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்திருந்தார். துளைக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்கக்கூடாது, வைத்தால் காக்கை வந்து உட்கார்ந்துகொண்டு குஞ்சை இழுக்கும் என்பார். தென்மேற்கு மழை உள்ளே அடிக்காதபடி பெட்டி கிழக்கே பார்த்திருக்க வேண்டும். அடிப்பலகையில் நீர் வடியத் துளை வேண்டும். அணில் குடியேறினால் துரத்தமாட்டார், தேனீ கட்டினால் அது போகும்வரை காத்திருப்பார். என் வீட்டுக்கும் ஒன்று செய்து கொடுத்தார். அதில் குண்டுக்கரிச்சான் குஞ்சு பொரித்த அன்று, பஸ் பிடித்து வந்து ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் சாயந்தரம்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் ஆசைப்பட்டது கூகைக்கு. வெள்ளை முகமும் பொன்னிற முதுகுமாக, இங்கே வெள்ளிமூங்ஙா என்கிற பறவை. அதற்காக ஒரு பெரிய பெட்டி செய்து மாடியின் பின்சுவரில், கூரை இறக்கத்துக்கு அடியில் பொருத்தினார். முதல் வருடமும் அடுத்த வருடமும் அது காலியாகவே கிடந்தது. பிறகு ஒரு கார்த்திகையில் ஜோடியாக வந்தன. தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. இது காலன்கோழி, கூவினால் சாவு வரும் என்று சிலர் வந்து சொன்னார்கள். அது வேறு பறவை என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார். கூகை கக்கிப்போட்ட உருண்டைகளைப் பொறுக்கி வந்து, பிரித்து, உள்ளே இருக்கும் எலி மண்டையோடுகளைக் காட்டினார். "இது நம்ம தெருவு எலிதான்" என்பார். தெருவில் எலி குறைந்தது எல்லோருக்கும் தெரிந்தது. முணுமுணுப்பு நின்றது. அண்ணன் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அந்தச் சில வருடங்களைத்தான் சொல்வேன்.

பிறகு ஓர் ஐப்பசியில் ஓயாமல் மழை பெய்து கிள்ளியாறு கரை மீறித் தெருவுக்குள் வந்தது. வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்தபின், அடைத்துக்கொண்ட ஓடையைத் தெருப் பிள்ளைகள் இறங்கிச் சுத்தம் செய்தார்கள். அவர்களில் ஒருவன், அண்ணனின் பக்கத்து வீட்டு லதா சேச்சியின் ஒரே மகன் விஷ்ணு. சேச்சி கணவரை இழந்தவர். பையனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்துப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை சாப்பிட்டுப் படுத்திருந்தான். கண் மஞ்சளானபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். திரும்பி வரவில்லை.

சாந்திகவாடம் மயானத்தில் எரியூட்டி முடியும்வரை அண்ணன் கூடவே நின்றார். கொஞ்ச நாளில் குடியிருப்போர் சங்கம் கூடியது. எல்லா வீட்டிலும் ஓடையிலும் எலிவிஷம் வைப்பது என்று பேச்சு வந்தபோது, கூட்டத்தில் ஒருபோதும் வாய் திறக்காத அண்ணன் எழுந்து நின்றார்.

"விஷம் வேண்டாம். பொறி வைக்கலாம், நான் எல்லா வீட்டுக்கும் செஞ்சு தாரேன். விஷம் தின்ன எலி உடனே சாகாது. தள்ளாடிக்கிட்டு வெளியே வரும். அதைத்தான் கூகை பிடிக்கும். பெட்டியில இப்போ குஞ்சு இருக்கு" என்றார்.

பின்வரிசையில் இருந்த லதா சேச்சி எழுந்தார்.

"என்றெ மோன் போயி, சாறே. சாறினு மூங்ஙயாணோ?" என்று கேட்டார். என் பிள்ளை போய்விட்டான், உங்களுக்கு ஆந்தையா என்று.

அண்ணன் கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சேச்சி கேட்டதிலும் தவறில்லை. அதுதான் இதில் தாங்க முடியாதது. யார்மேலும் கோபப்பட வழியில்லை.

விஷம் வைத்தார்கள். பெட்டியை மூட முடியாது, உள்ளே குஞ்சுகள். விஷம் வைக்காத தூரத்துக்கு மாற்றவும் முடியாது, பெற்றவை அவ்வளவு தூரம் பின்னால் வராது. கூகைகள் வேட்டைக்குப் போகாதிருக்கட்டும் என்று அண்ணன் தினமும் கோழி இறைச்சியைத் துண்டாக்கி மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். சைவச் சாப்பாடு தவிர வேறு நுழையாத வீடு அது. அண்ணி அதற்கென்று ஒரு பழைய கத்தியைத் தனியே எடுத்துக் கொடுத்தார். கூகைகள் அதைத் தொடவில்லை. காக்கைகள் தின்றன.

ஒரு காலையில் ஆண்பறவை துணி துவைக்கும் கல்லருகே தரையில் உட்கார்ந்திருந்தது. காக்கைகள் கொத்தியும் பறக்கவில்லை. அலகோரத்தில் ரத்தம். அண்ணன் துண்டில் பொதிந்து மிருக டாக்டரிடம் கொண்டு ஓடினார். ரத்தம் உறையாமல் உள்ளே கசிகிறது, நேரம் கடந்துவிட்டது என்றார் அவர். அந்த வாரமே தாய்ப்பறவை பெட்டிக்குள் குஞ்சுகளின்மேல் சிறகை விரித்தபடி செத்துக்கிடந்தது. விஷம் ஏறிய எலியைத்தானே குஞ்சுகளுக்கும் ஊட்டியிருந்தது? அவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசிக் குஞ்சை டாக்டர் சொன்னபடி மருந்து கொடுத்து, இறைச்சியை ஊட்டி, மடியிலேயே வைத்திருந்தார். நான் அங்கே இருந்தபோதுதான் அது அவர் உள்ளங்கையில் தலையைச் சாய்த்தது. அப்பா இறந்தபோதுகூட அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

அதன்பின் பலாமரத்துப் பெட்டிகளையெல்லாம் கழற்றினார். மாடிப் பெட்டியின் துளைக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார். ஆனால் அடுத்த கார்த்திகையில் எங்கிருந்தோ வேறொரு கூகை வந்தது. அந்தி நேரத்தில் மூடிய பெட்டியின்மேல் உட்கார்ந்து பலகையை நகத்தால் பிறாண்டும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார். கைதட்டித் துரத்துவார். மறுநாளும் அது வரும். வா வா என்று வருடக்கணக்கில் காத்திருந்த மனிதர், போ போ என்று குரல் உடையத் துரத்திக்கொண்டிருந்தார். உடம்பு குறையத் தொடங்கியது அப்போதுதான்.

கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தபோது சிகிச்சைக்கு இடமில்லாத கட்டத்தில் இருந்தது. மனக்கவலையால் வந்த நோய் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை என்பதைக் கூட இருந்த நாங்கள் கண்டோம். ஆஸ்பத்திரியில் ஒருநாள் என்னை அருகே அழைத்தார்.

"பிள்ளே, அதுக பாட்டுக்கு எங்கேயோ இருந்துது. நான்தானே கூப்பிட்டேன்?"

"நல்லதுக்குத்தானே கூப்பிட்டீங்க, அண்ணே" என்றேன்.

"அது அதுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் பாடம் நடத்தியே வாழ்ந்தவள். அன்று அவர் போர்வையை இழுத்துவிட மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சில நாளில் அண்ணி கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடங்கிவிட்டார்.

அண்ணனுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களையும் நர்ஸ்களையும் நாங்கள் மறக்கமாட்டோம். பறவைகளுக்காக அவர் எந்த நேரத்தில் போய் நின்றாலும் முகம் சுளிக்காத மிருக டாக்டருக்கும், தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும், ஊரிலிருந்து வந்து காரியங்களை நடத்திக்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் வணக்கம்.

லதா சேச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணன் படுக்கையில் இருந்த நாளெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவர் அவர். அண்ணனும் அவரும் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு சேச்சி எங்கள் அருகே உட்கார்ந்தார். "டீச்சரே, என் வீட்டில நான் இனி விஷம் வைக்கமாட்டேன். மத்தவங்க வைக்கிறாங்க. அவங்ககிட்ட எந்த வாயால நான் வேண்டாம்னு சொல்லுவேன்? எனக்கு அந்த வாய் இல்லை" என்று மலையாளத்தில் சொன்னார்.

தெருவில் இந்த வருடமும் விஷம் வைத்தார்கள். பெட்டியை மூடியே வைப்பது என்று அண்ணி முடிவு செய்திருக்கிறார். அத்தனை வீடுகளுக்கு நடுவே ஒரு வீடு எதையும் காப்பாற்றிவிடாது என்று சேச்சிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வீட்டுக்கு, அண்ணன் இருந்திருந்தால் கைகூப்பியிருப்பார். அவருக்குப் பதிலாக நாங்கள் கூப்புகிறோம்.