பலாப்பழத்துப் பையன் கொண்டுவராத தங்கம்

என் சின்னம்மாவைப் பிடிவாதக்காரி என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் பெரிய மாமாவுக்கு மட்டும்தான் உண்டு. கூடப்பிறந்த அண்ணன் ஆயிற்றே. மற்றவர்கள் மனசுக்குள் சொல்லிக்கொள்வோம்.

சின்னம்மா சிதம்பரத்தில் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். அந்த வருஷம் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் போடப்போவதாக அறிவித்தாள். யுத்தகாலத்தில், பினாங்கில் ஜப்பான்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவள் கேட்ட கதை. ஒரு பெரிய பழத்துக்குள்ளிருந்து பையன் பிறக்கிறான். வளர்ந்து, நாயையும் குரங்கையும் கூட்டிக்கொண்டு அரக்கர் தீவுக்குப் படகேறுகிறான். அவர்களை ஜெயித்துத் தங்கத்தோடு திரும்புகிறான். அவர்கள் ஊரில் அது பீச் பழமாம். நாங்கள் அதைக் கண்டோமா? சின்னம்மா அதைப் பண்ருட்டிப் பலாப்பழம் ஆக்கிவிட்டாள்.

சேதி கேட்டு, மாமா லால்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து குதித்தார்.

"நம்ம அத்தாவ சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போனவனுவ கதை! அதப் போயி புள்ளைங்களுக்குக் காட்டப்போறியா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

சின்னம்மா தைத்துக்கொண்டிருந்த பொம்மையைக் கீழே வைக்கவில்லை.

"கதையா வந்து அத்தாவ இழுத்துட்டுப் போச்சு? நான் போடத்தான் போறேன். வேணும்னா நீங்களும் வந்து குந்திப் பாருங்கண்ணே."

"எப்படிப் போடுறேன்னு பாத்துடறேன்!"

அவர்களைப் பெற்ற அத்தா, அதாவது என் நன்னா, சயாமிலிருந்து திரும்பவே இல்லை. எனக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஆட்டம் நின்றுபோனால் நான் செய்த தங்கம் என்னாவது? கல்யாணப் பந்தலில் கிழித்துவந்த ஜிகினாத்தாளை வெட்டி, ஒரு டப்பா நிறையக் காசு செய்து வைத்திருந்தேன்.

ஆட்டத்தன்று நிஜப் பலாப்பழத்தையே குடைந்து வைத்திருந்தாள் சின்னம்மா. தன் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டவள் பொம்மைக்குத் தடவ மறந்துவிட்டாள். பிள்ளைகள் "வாடா, வாடா" என்று கத்த, வீரன் பலாப்பாலில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றான். பிய்த்து இழுத்ததில் உடம்பெல்லாம் பிசினும் நாருமாகப் பிறந்தான். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அப்போதுதான் வாசலில் மாமா நிற்பதைப் பார்த்தேன். போச்சுடா!

சின்னம்மாவும் பார்த்துவிட்டாள். குரலை இன்னும் உசத்தினாள்.

அரக்கர்கள் செம்மையாக உதை வாங்கினார்கள். நான் டப்பாவோடு தயாரானேன். படகு திரும்பியது. அதில் நான் அதுவரை பார்த்தேயிராத ஒரு பொம்மை இருந்தது. தாடி வைத்த பெரியவர், இடுப்பில் கட்டம் போட்ட பினாங்குக் கைலி.

"தங்கம் கெடக்குது தங்கம்! அவனுவ புடிச்சிவச்சிருந்த ஆளக் கூட்டியாந்துட்டேன்!" என்று கத்தினான் பலாப்பழத்துப் பையன்.

எனக்கு வந்ததே கோபம்! "பொய்யி! கதையில தங்கம்தான் வரும்! சின்னம்மா ஏமாத்துறாங்க!" என்று டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன்.

ஆட்டத்தை நிறுத்த வந்த மாமா தரையில் குந்தி, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

"கம்முனு இரு. படகு கரைக்கு வரட்டும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலாப்பால் வாடை சிலருக்கு ஆகாது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கப்புறம் சின்னம்மாவோடு ரொம்ப நாள் நான் பேசவில்லை. நல்ல கதையைக் கெடுத்தவளோடு எனக்கென்ன பேச்சு?