ஹாலை அடைத்த போர்வை

அன்று காலை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். அப்பா காவல் வேலைக்குப் போயிருந்தார். அக்கா சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். அம்மா தைத்துக்கொண்டிருந்த போர்வை அவள் கல்யாணத்துக்கு. எனக்கும் அன்று மதியம் இரண்டு மணிக்குச் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நேர்முகத் தேர்வு. குடும்பத்தில் முதலில் படித்துப் பட்டம் வாங்கியவன், ஒரு வருடமாக வீட்டில் சும்மா இருந்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஹால் இல்லை. அம்மா பெரிய கட்டிலுக்கான போர்வையைச் சுவருக்குச் சுவர் விரித்திருந்தார். அடியில் பருத்தித் துணி, நடுவில் பஞ்சு, மேலே சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்ட சேலைத் துண்டுகள். ஓரங்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டியிருந்தார். எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரே வாசல். அது போர்வைக்கு அந்தப் பக்கம். நான் சமையலறைப் பக்கம்.

தாண்டப் போனேன்.

"டேய், காலை எடு! மூலையில மஞ்சள் வச்சிருக்கேன் பாரு. கல்யாணத் துணியத் தாண்டுவாங்களா?"

"அப்ப எப்படிமா வெளிய போறது?"

"படிச்சவன்தானே, நீயே ஒரு வழி சொல்லு லா. மூணு அடுக்கும் நகராம ஊக்கு குத்தி முடிச்சா சுருட்டிடலாம். வா, நீயும் குத்து."

இஸ்திரி போட்ட சட்டையோடு மண்டியிட்டுக் குத்தினேன். கால்தான் படக்கூடாது, கை படலாம். முழங்கையை ஊன்றி எட்டி எட்டி நடுப்பகுதியையும் முடித்தோம். டேப்பை உரித்து இரண்டு பக்கமும் சுருட்டினோம். வாசல் தெரிந்தது. காலில் மாட்டச் சப்பாத்தை எடுத்தேன்.

அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஒரு கோடு பிடிச்சிட்டுப் போ தம்பி. நடுக்கோடு நேரா விழுந்தாத்தான் மத்ததும் நேரா வரும். இந்தக் கனத்த நான் ஒருத்தி இழுத்தா கோணிடும்."

சுருளைத் தோளில் தாங்கி, ஊசிக்கு அடியில் மெல்ல மெல்ல விட்டேன். கோடு நேராக விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கைப்பேசி அடித்தது. நான் கூப்பிட்டிருந்த வாடகைக் கார் கீழே வந்துவிட்டது.

"கார் வந்துடுச்சுமா."

அம்மாவின் கால் நிற்கவில்லை. ஊசியைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ அங்க போயிட்டா. நீயும் போனா இங்க நானும் இந்த மெஷினுந்தான்."

கையை விட்டிருக்கலாம். விட்டால் கோடு கோணும். கைப்பேசி மறுபடி அடித்து ஓய்ந்தது. நான் சுருளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தோள் மரத்துப்போனது. கோடுகள் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போயின.

அம்மா நூலைக் கடித்து அறுத்தார். "மணி என்னடா?"

"மூணு."

"அலமாக்... ஐயோ, நீ இன்னும் சாப்பிடலையே!"

நேர்முகத் தேர்வுக்கு வேறு ஒரு நாள் தருவார்களா என்று கேட்டு எழுதினேன். ஆள் எடுத்தாயிற்று என்று மாலையே பதில் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்த அப்பா போர்வையைத் தடவிப் பார்த்து, எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். துணி, பஞ்சு, நூல் எல்லாம் சேர்த்து முந்நூற்று நாற்பது ரிங்கிட் என்றார் அம்மா. நான் ஏறாமல் திரும்பிப் போன காருக்கு அபராதமாகப் பிடித்துக்கொண்ட ஐந்து ரிங்கிட்டை நான் சேர்த்துச் சொன்னேன். முந்நூற்று நாற்பத்தைந்து.